கோடையில் காய்ந்த பூமரக் கன்றுகளை மீட்டல்

தஞ்சை ஜில்லாவில் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் நடப்பட்ட மகிழம், புன்னை, கொன்றை, மரமல்லி, செண்பகம் முதலிய பூமரக் கன்றுகள், சித்திரை வைகாசியில் இலை கருகி விறகுக் குச்சி போல் நிற்பதைக் கிராமந்தோறும் காணலாம். கோயில் நந்தவனத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் குளக்கரையிலும் இதே காட்சிதான். அவ்வாறு நிற்கும் கன்றைக் கண்டவர்கள் சாதாரணமாக இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறார்கள். பட்டுப்போயிற்று என்று முடிவு கட்டிப் பிடுங்கி எறிந்துவிடுவது ஒன்று. மனம் பதைத்து, நாள்தோறும் குடம் குடமாய் நீரைக் கொட்டி, ஒரு கூடை எருவையும் ஒரு கை யூரியாவையும் அடியிலே போடுவது மற்றொன்று. முதற் காரியத்தால் உயிருள்ள கன்று குப்பைக்குப் போகிறது. இரண்டாவதால், அதுவரை உயிரைப் பிடித்துக் கொண்டிருந்த கன்று பத்து நாட்களில் மெய்யாகவே பட்டுவிடுகிறது.

நீர்வளத்துக்குப் பெயர்போன காவேரிப் பாசன நாட்டில் மரக்கன்று நீரின்றிக் காய்வானேன் என்று வெளியூரார் வியப்பதுண்டு. வாய்க்காலின் நாட்காட்டியை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் மாதம் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு, ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையோ மார்கழியோடு ஓய்ந்துவிடுகிறது. ஆகவே தை மாதத்து நடுவிலிருந்து வைகாசி முடியும் வரை, ஏறக்குறைய நான்கரை மாத காலம், வாய்க்காலிலும் நீரில்லை, வானத்திலும் நீரில்லை. கார்த்திகையில் நட்ட கன்றுக்கு அதற்குள் வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? பெரும்பாலும் அது பாலிதீன் பையிலிருந்து வந்த மண் உருண்டையை விட்டு ஒரு சாண்கூட வெளியே போயிராது.

அணை திறக்கும் நாள் தள்ளிப்போன ஆண்டுகளில் இந்த நான்கரை மாதம் இன்னும் நீண்டது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததன் பின் 2017-இல் அணை அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. 2018-இல் ஜூலை 19, 2019-இல் ஆகஸ்டு 13, 2024-இல் ஜூலை 28. இவற்றுள் 2019-ஆம் ஆண்டு தனியே நினைக்கத்தக்கது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னையையும் நிழல் மரங்களையும் வேரோடு சாய்த்தது. விழுந்த மரத்துக்கு ஈடாக அம்மழையின் கடைசி ஈரத்தில் நடப்பட்ட கன்று எதுவாயினும், ஆகஸ்டு நடுப்பகுதி வரை வாய்க்கால் நீரைப் பாராமலே நிற்க வேண்டியதாயிற்று. ஒரு மகிழமோ புன்னையோ நிழல் தரும் அளவுக்கு வளரப் பல்லாண்டு செல்லும். ஆதலின், ஓராண்டு வேரூன்றிய கன்றைப் பறிகொடுத்துப் புதிதாய் நடுவது என்பது, கன்றின் விலையை மட்டும் இழப்பதன்று, ஓராண்டை இழப்பதுமாகும்.

இனி, கன்று காய்வதற்குக் காலம் மட்டும் காரணமன்று. மண்ணும் ஒரு காரணம். நாற்றுப் பண்ணைகளில் பைகளில் நிரப்பும் மண் பெரும்பாலும் செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்தது, பொலபொலவென்றிருப்பது. பழைய டெல்டாவின் நிலமோ கெட்டியான வண்டற் களி. பையைக் கிழித்துக் களியின் நடுவே கன்றை வைத்தால், ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு மண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின் இடுக்குகளும் மிகச் சிறியவை. அச்சிறு இடுக்குகள் நீரைப் பிடித்து இழுக்கும் வலிமை செம்மண்ணுக்கு இல்லை. ஈர மணலின்மேல் உலர்ந்த துணியை விரித்தால் துணி நனைந்து மணல் உலர்வது போல, களி தன் பக்கத்திலுள்ள உருண்டையின் ஈரத்தை உறிஞ்சிக் கொள்கிறது. இதன் பயனாக, குழியைச் சுற்றிலும் மண் ஈரமாய்க் காணும்; கன்று நிற்கும் உருண்டை மட்டும் சுண்ணாம்புபோல் உலர்ந்திருக்கும். ‘தினமும் தண்ணீர் விட்டேன், ஆயினும் காய்ந்துவிட்டது’ என்று குறைபடும் இடங்களில் கிளறிப் பார்த்தால், அநேகமாக இந்த நிலைமையே தென்படும். குழியின் ஓரத்தில் விட்ட நீர் கன்றின் வாய்க்கு எட்டவில்லை.

அன்றியும், களி உலருங்கால் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு எப்போதும் பலவீனமான இடத்தைத் தேடும். நட்ட குழியின் விளிம்பும், உருண்டைக்கும் களிக்கும் நடுவேயுள்ள சந்தும் அத்தகைய இடங்கள். அவ்வழியே வெளியே ஓடத் தொடங்கிய இளவேர்கள் அறுகின்றன. வெடிப்பினுள் அனற்காற்று புகுந்து எஞ்சிய வேர்களை வாட்டுகிறது. அப்பொழுது ஒரு குடம் நீரைக் கவிழ்த்தால், அது உருண்டையை நனைக்காமல் வெடிப்பு வழியே நேரே கீழே போய்விடும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மதுக்கூர் பக்கத்துப் புது டெல்டாவின் மணற்பாங்கான செம்மண்ணில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நீர் தங்காமையே தொல்லை.

கன்று உயிரோடிருக்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். இலை இல்லாமை சாவுக்கு அடையாளம் ஆகாது. சரக்கொன்றை சித்திரையில் பூப்பதற்கு முன் தானாகவே இலை உதிர்க்கும். மயிற்கொன்றையும் ஈழத்தலரியும் கோடையில் மொட்டையாய் நிற்பது அவற்றின் இயல்பு. நாகலிங்க மரம் ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சில நாட்களில் மறுபடி தளிர்க்கும். பங்குனியில் மொட்டையாய் நின்ற கொன்றையைப் பட்டதென்று வெட்டியவர், பக்கத்துத் தெருவில் அதே மாதிரி நின்ற கொன்றை அடுத்த மாதம் பொன்மாலை தொங்கவிட்டதைப் பார்த்து வருந்துவதுண்டு. மகிழமும் புன்னையும் அவ்வாறல்ல. அவை எக்காலமும் பசுமையானவை. அவற்றில் இலை கருகினால் ஏதோ கேடு நேர்ந்திருப்பது உறுதி.

கருகிய இலை உதிர்ந்ததா, ஒட்டிக்கொண்டே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இலை தானே கழன்று விழுவதற்குக் காம்பின் அடியில் மெல்லிய ஓர் அறுபடலம் உண்டாக வேண்டும். அதை உண்டாக்குவது உயிருள்ள கிளையே. ஆகவே இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கிளையாய் நிற்கும் கன்றுக்கு நம்பிக்கை அதிகம். பழுப்பாய்க் காய்ந்த இலைகள் தொட்டால் நொறுங்கும்படி காம்போடு தொங்கிக் கொண்டே இருந்தால், அக்கிளை அறுபடலம் உண்டாக்கவும் அவகாசமின்றி மடிந்ததென்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆயினும் கிளை மடிந்ததால் அடிமரமும் மடிந்தது என்று சொல்லக்கூடாது.

உறுதியான சோதனை பட்டையைச் சுரண்டுவதே. கிளை நுனியில் தொடங்கி, நகத்தாலோ சிறு கத்தியாலோ, நெல் அளவு இடத்தில் மேற்பட்டையை மட்டும் நீக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் உயிர் உண்டு. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால், அரை அடி கீழே இறங்கி மறுபடி சுரண்ட வேண்டும். இவ்வாறு பச்சை தென்படும் வரை இறங்கி, அவ்விடத்தில் ஒரு நூலைக் கட்டிவைத்தல் நலம். நுனிகள் காய்ந்து நடுமரம் பச்சையாயிருப்பதே சாதாரணமாகக் காணும் நிலை. அடிவரை பழுப்பாயிருந்தாலும் கைவிடலாகாது. மண்ணை இரண்டு அங்குலம் விலக்கி, மரமும் வேரும் கூடும் கழுத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பக்கமேனும் பச்சை இருந்தால் அடியிலிருந்து தளிர் வர இடமுண்டு. கழுத்தைச் சுற்றிலும் பட்டை பழுத்துக் கழன்று வந்தால் மட்டுமே கன்று போயிற்றென்று கொள்க. கழுத்தைப் பார்க்கும்போதே கறையான் மண்பூச்சு உண்டா என்றும் கவனிக்கலாம். இருந்தால் தேய்த்து நீக்கி, அருகிலுள்ள மக்காத கட்டை, பழந்தட்டை முதலியவற்றை அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்தபடி, கன்று வாடியது நீர்க்குறைவாலா, நீர் மிகுதியாலா என்பதைத் தீர்மானிப்பது. இதைச் செய்யாமல் நீர் விடத் தொடங்குவதுதான் நம் பக்கத்தில் பெரும்பிழை. வேருக்கு நீர் வேண்டுவது போலவே காற்றும் வேண்டும். மண்ணிடுக்கெல்லாம் நீர் நின்றால் வேர் மூச்சடைத்து அழுகும்; அழுகிய வேரால் நீரைக் குடிக்க முடியாது; ஆகவே நீரின் நடுவே நிற்கும் கன்றும், நீரில்லாக் கன்றும் மேலே ஒரே மாதிரி வாடுகின்றன. வயல் வரப்பை ஒட்டியும் வாய்க்கால் மட்டத்துக்குத் தாழ்ந்தும் நட்ட கன்று, மார்கழி தை மாதங்களில் ஊற்று நீரில் நின்று வேரிழந்துவிடும். அப்பொழுது குளிர் காலமாதலின் அது வெளியே தெரியாது. மாசியில் வெயில் ஏறியதும், இருக்கும் இலைக்கு நீர் கொடுக்க வேரில்லாமல் சடக்கென்று வாடும். காண்பவர் வெயிலைக் குறை கூறுவர். கேடு விளைந்ததோ தை மாதத்திலேயே. செண்பகம் இவ்விஷயத்தில் மிகவும் சுகுமாரமானது. செண்பகாரண்யம் என்று பெயர் பெற்ற மன்னார்குடியிலேயே கூட, நீர் வடியாத களியில் வைத்த செண்பகம் தேறுவது அரிது.

சோதனை எளிதே. உருண்டையின் ஓரத்தில், வேரை வெட்டாதபடி, ஒரு சிறு களைக்கொத்தினால் முக்கால் அடி ஆழத்துக்குக் குழி செய்து, அடிமண்ணைக் கையில் எடுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பிடிபடாமல் உதிர்ந்தால் வறட்சி. பிசைந்த மாவு போல் விரலில் ஒட்டி, சேற்று நாற்றம் அடித்தால் நீர்மிகுதி. ஒரு சிறு வேரையும் பார்க்க வேண்டும். வறட்சியில் உலர்ந்த வேர் பழுப்பாய் நொறுங்கும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று நடுநரம்பு மட்டும் நிற்கும். உயிர்வேர் உள்ளே வெண்மையாய் இருக்கும். அழுகல் என்று தெரிந்தால் நீரை அடியோடு நிறுத்தி, குழியின் ஒரு பக்கம் வடிகால் வெட்டி, மேல்மண்ணைச் சிறிது கிளறிக் காற்றாட விட வேண்டும். கீழே சொல்லப்படும் நீர்முறை அதற்குப் பொருந்தாது. வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் இன்னொன்று கவனிக்க வேண்டும். இலையின் நடு பச்சையாயிருந்து, ஓரம் மட்டும் சுட்டது போல் கருகினால், உப்பு நீரின் வேலையாக இருக்கலாம். அங்கே ஆழ்குழாய்க் கிணற்று நீரை நிறுத்திக் குளத்து நீரையோ சேமித்த மழைநீரையோ விட வேண்டும்.

வறட்சியே என்று உறுதியானபின் செய்ய வேண்டிய முதற்காரியம் நிழல். நீரைவிடவும் முந்தியது இது. வேர் குறைந்த கன்றுக்கு வேண்டுவது செலவைக் குறைப்பதே. இரண்டு முடைந்த தென்னங்கீற்றுகளைக் கன்றின் மேற்கிலும் வடக்கிலும் சாய்த்து நிறுத்தினால் பிற்பகல் வெயில் தணியும். கீற்று கன்றைத் தொடாமல் ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும். நான்கு பக்கமும் மூடிப் புழுங்கச் செய்யலாகாது. இலையற்ற கன்றாயின் வெயில் நேரே பட்டையில் படும். மேற்குப் பக்கத்துப் பட்டை வெந்து வெடிக்காதிருக்க, நீர்த்த சுண்ணாம்பைத் தெளிவாய்க் கரைத்து அடிமரத்தில் பூசலாம், அல்லது வைக்கோற்புரியைத் தளர்வாய்ச் சுற்றலாம். காய்ந்த கன்றைப் பெயர்த்து நிழலான இடத்தில் நடுவது சிலருடைய வழக்கம். அது மிகத் தவறானது. எஞ்சிய நாலு வேரும் அதில் போய்விடும்.

பிறகு வெடிப்பை அடைக்க வேண்டும். பொடிமண்ணும் மணலும் சரிபாதி கலந்து வெடிப்பில் சொரிந்து, குச்சியால் மெதுவாகக் குத்தி நிரப்பினால் போதும். மண்வெட்டியால் ஆழக் கொத்தலாகாது. அதன்பின் இரண்டு வட்டப் பாத்திகள் கட்ட வேண்டும். உள் வட்டம், கன்று வந்த மண் உருண்டையின் அகலமே; சாதாரணமாக ஓர் அடிக் குறுக்களவு. வெளி வட்டம் மூன்றடி. நீர் முதலில் உள் வட்டத்துக்கே உரியது.

எவ்வளவு நீர் என்பதற்குக் கணக்கு உண்டு. ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள உருண்டையின் கன அளவு ஏறக்குறைய 22 லிட்டர். அத்தகைய மண் தன்னுள் பிடித்து வைக்கக்கூடிய நீர் அதில் ஐந்திலொரு பங்கு முதல் நாலிலொரு பங்கு வரை என்று கொண்டால், 5 லிட்டரே அது நிறையப் போதுமானது. ஒரே நேரத்தில் 20 லிட்டர் கொட்டினாலும் உருண்டைக்குள் நிற்பது அந்த 5 லிட்டர்தான்; மீதி களியில் தேங்கி, முன் சொன்ன அழுகலுக்கு வழி செய்யும். மேலும், எருக் கலந்து முற்றும் உலர்ந்த மண் முதலில் நீரை ஏற்காது. மேலே பட்ட நீர் வழிந்து ஓடும். ஆகவே மாலை வேளையில் முதலில் 1 லிட்டர் தெளித்து, அரைமணி நேரம் பொறுத்து, இன்னொரு லிட்டர், பிறகு மூன்று லிட்டர் என மெல்ல மெல்ல விட வேண்டும். மறுநாட் காலையில் ஒரு மூங்கிற் குச்சியை உருண்டையில் முக்கால் அடி செருகி எடுத்தால், நுனிவரை ஈரமண் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லையாயின் அடி நனையவில்லை. மாலையில் மறுபடியும் அதே முறை. உருண்டை நனைந்ததென்று கண்டபின் வெளி வட்டத்துக்கு 10 லிட்டர் விடலாம். களி ஈரமாயிருந்தால் உருண்டையிலிருந்து இழுப்பது குறையும்.

முதல் வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் உள் வட்டத்துக்கு 5 லிட்டர். அதன்பின் குச்சி சொல்லுகிறபடி. களியில் நாலைந்து நாளுக்கு ஒருமுறையும், மதுக்கூர்ப் பக்கத்து மணல்மண்ணில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும் தேவைப்படலாம். நாள்தோறும் ஒரு சொம்பு நீரை ஊற்றி மேல்மண்ணை மட்டும் நனைப்பது பயனற்ற வேலை. வேரை அது மேலே வரப் பழக்கிவிடும். நீர் விட ஆள் நிலையாய்க் கிடைக்காத பள்ளிக்கூடம், கோயில் முதலிய இடங்களில் பானை முறை மிகச் சிறந்தது. 7 அல்லது 8 லிட்டர் கொள்ளும் மண்பானையின் அடியில் சிறு துளையிட்டுப் பருத்தித் திரியைச் செருகி, கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி ஓட்டுச்சில்லால் மூட வேண்டும். அதில் ஒரு விதி: பானை உருண்டையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டடி தள்ளிக் களியில் புதைத்தால் களிதான் குடிக்கும்.

நீர் விட்டபின் மூன்று நாலு அங்குல கனத்துக்கு மூடாக்கு இட வேண்டும். வைக்கோலுக்கு நம் ஜில்லாவில் குறைவில்லை. கறையான் தொல்லை உள்ள செம்மண் பூமியில் அதைவிட வேப்பிலை, புங்கிலைச் சருகு மேலானது. மூடாக்கு அடிமரத்தை ஒட்டாமல் மூன்று அங்குலம் விலகியிருக்கட்டும். ஒட்டினால் பட்டை புழுங்கி அழுகும்.

எரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். எந்த எருவும் இப்போது கூடாது. யூரியா, கலப்பு உரம் முதலியவை மண்ணீரில் கரைந்து அதை உப்பாக்குகின்றன. உப்புக் கரைசல் வேரிலிருக்கும் நீரையும் வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு உப்பிட்டால் மாங்காய் நீர் விடுவது இதே நியாயத்தால்தான். மக்காத சாணமோ புழுங்கி வேரைச் சுடும். பஞ்சகவ்யம் ஊற்றினால் பிழைக்கும் என்று சொல்பவர்களும் உளர். நல்ல வேருள்ள மரத்துக்கு அது எப்படியோ, காய்ந்த கன்றுக்கு நீர் ஒன்றே மருந்து. இரண்டு முறை தளிர்த்து, அத்தளிர்கள் முற்றிப் பச்சை கறுத்தபின், இரண்டு கை மண்புழு எருவை வெளி வட்டத்தில் தூவலாம்.

கத்தரிப்பதிலும் அவசரம் ஆகாது. வேர் குறைந்துவிட்டதால் கிளையிலும் மூன்றிலொரு பங்கை வெட்டிச் சமன் செய்ய வேண்டுமென்று முன்பு கற்பிக்கப்பட்டு வந்தது. பிற்கால ஆராய்ச்சி அதை ஆதரிக்கவில்லை. புது வேர் உண்டாவதற்கு வேண்டிய உணவும் ஊக்கியும் இலையிலிருந்தும் நுனி மொட்டிலிருந்தும்தான் இறங்குகின்றன. உயிருள்ளதை வெட்டுவது வேரைப் பட்டினி போடுவதாகும். சுரண்டிப் பார்த்து முற்றும் பழுத்ததென்று கண்ட பகுதியை மட்டும், பச்சை தொடங்கும் இடத்துக்கு அரை அங்குலம் மேலே, கூரிய கத்தியால் சாய்வாக வெட்டலாம். அதையும் முதல் தளிர் வந்தபின் செய்தல் உத்தமம். ஏனெனில் எது உயிர், எது சருகு என்பதை அப்போது கன்றே காட்டிவிடும். வெட்டுவாயில் தாரோ சாணமோ பூச வேண்டுவதில்லை. மரம் தன் காயத்தை உள்ளிருந்து மதில் கட்டி அடைக்கிறதென்றும், மேற்பூச்சு அதற்கு உதவுவதில்லையென்றும் அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளரான அலெக்ஸ் ஷைகோ எண்ணற்ற மரங்களைப் பிளந்து பார்த்து விளக்கியிருக்கிறார்.

அதன்பின் உள்ள வேலை பொறுத்திருப்பது. பலருக்கு இதுவே கடினமானது. கொன்றையும் பூவரசும் மூன்று நாலு வாரங்களில் மொட்டுக் காட்டக்கூடும். மகிழம் மிகவும் தாமதக்காரன். இரண்டு மாதம் சும்மா நின்று, ஆடியில் ஒரு மழை விழுந்தபின் தளிர்ப்பதுண்டு. இடையே பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, நூல் கட்டிய இடத்துக்குக் கீழே ஒரே ஒரு சுரண்டல் போதும். பச்சை இருக்கும் வரை முறை தவறாமல் நீர் விட்டு வர வேண்டும். நாள்தோறும் சுரண்டிப் பார்த்தே கன்றின் பட்டையை உரித்துவிட்டவர்களும் உண்டு.

முதல் தளிரைக் கண்டதும் கீற்றை எடுத்துவிடுவது தவறு. அத்தளிர் பெரும்பாலும் அடிமரத்தில் சேர்த்து வைத்திருந்த பழைய உணவால் வருவது. புது வேர் ஓடிற்று என்பதற்கு அது சாட்சியாகாது. வேர் ஓடாதிருந்தால், இரண்டு அங்குலம் நீண்ட தளிர் ஒரு வெயிலில் மறுபடி தலை சாயும். அப்படிச் சாய்ந்தால் மனம் தளராமல் நிழலை அதிகமாக்கி உருண்டையின் ஈரத்தைக் குச்சியால் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை வரும் தளிரே நம்பத்தக்கது. அது முற்றிய பின், மேகமூட்டமான நாட்களில் தொடங்கி, முதலில் வடக்குக் கீற்றையும் பத்து நாள் கழித்து மேற்குக் கீற்றையும் எடுக்கலாம். ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்று நம் பக்கத்தில் வலிதாதலால், அப்பொழுது மட்டும் இருபுறமும் குச்சி நட்டு, வாழைநாரால் தளர்வாய்க் கட்டி வைத்தல் நன்று. காற்று தணிந்ததும் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். ஆடாத மரம் அடி பருக்காது.

மேல்மரம் போய் அடியிலிருந்து பல தளிர்கள் வந்தால், அவற்றை ஓர் அடி வளர விட்டு, கழுத்துக்கு மிக அருகிலிருந்து நேராய் எழுந்ததொன்றை நிறுத்தி, மற்றவற்றைச் சில வார இடைவெளியில் ஒவ்வொன்றாக நீக்கலாம். ஆனால் ஒட்டுக்கன்றாய் வாங்கிய செண்பகத்தில், ஒட்டுக்குக் கீழே வரும் தளிர் வேர்க்கன்றின் தளிரே; அதை வளர்த்துவிட்டு, விரைவில் பூக்கும் ஒட்டுச் செண்பகத்தை எதிர்பார்ப்பது வீண். நெட்டிலிங்கம் போன்று நுனி அழகுக்காகவே வைக்கும் மரத்தில் நுனி போய்விட்டால், பிழைத்தாலும் அந்த உருவம் எளிதில் மீளாது. வாசலின் இருபுறமும் இணையாய் வைத்திருந்தால் மாற்றி நடுவதே மேல்.

கழுத்துவரை பட்டுப்போனவற்றைத் தாமதியாமல் எடுத்துவிட்டு, குழியைக் கோடையிலேயே தோண்டி ஆற விடலாம். புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசி முதல் மழையில் மறுநடவு செய்தால், கார்த்திகையில் நடுவதைவிட ஒரு மாத வேர் கூடுதலாய்க் கிடைக்கும். ஆளுயரக் கன்றைவிட மூன்றடிக் கன்றே கோடையைத் தாங்கும். பையை முழுதும் கிழித்தெடுத்து, பையின் உட்புறமாய்ச் சுருண்டு வளர்ந்த வேரை வெட்டி, உருண்டையின் வெளிமண்ணை இரண்டு விரற்கடை உதிர்த்துவிட்டு நட வேண்டும்; குழியைச் செம்மண்ணால் நிரப்பாமல், தோண்டிய மண்ணையே உடைத்துப் போட வேண்டும். பூங்கன்று என்ற மதிப்பால் குழி நிறையச் செம்மண்ணும் எருவும் கொட்டுவது, களியின் நடுவே ஒரு பெரிய பூந்தொட்டியைப் புதைத்தது போலாகும். வேர் அதைவிட்டு வெளியே வர மனங்கொள்ளாது.

பிழைத்த கன்றுகளுக்கு வாய்க்கால் நீர் வரும் காலத்தில் ஓர் எச்சரிக்கை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி விட்ட நீர் ஏறக்குறைய நான்கு நாட்களில் கல்லணையை அடைகிறது. அங்கிருந்து கிளைகளில் பிரிந்து கடைமடைக்குச் செல்ல இன்னும் பல நாட்களாகும். வாய்க்கால் ஓரத்திலும் வயலை ஒட்டியும் நிற்கும் கன்றுகளுக்கு, நீர் ஓடத் தொடங்கிய இரண்டொரு வாரத்தில் ஊற்று மேலே ஏறும். அப்பொழுதும் பழக்கத்தால் குடம் ஊற்றிக்கொண்டிருந்தால், கோடை விட்டுவைத்த வேர் அழுகிப் போகும். வாய்க்காலில் நீர் கண்ட அன்றே பானையைக் காலி செய்து, மூடாக்கைச் சற்று விலக்கி, உள் வட்டத்தின் கரையைத் தாழ்ந்த பக்கம் வெட்டிவிட வேண்டும். அதன்பின் குச்சியைச் செருகி, அது உலர்ந்து வந்தால் மட்டும் நீர்.